அவந்தி தந்த வராகமிகிரர்

சோதிடம் என்ற சொல்லைக் கேட்ட மாத்திரத்தே எம்மவர் இரு பிரிவினராகி விடுகின்றனர். ஒரு சாரார் பஞ்சாங்கம் பாராது படலையைத் தாண்டார். மற்றொரு சாரார் அதனை வெறும் மூடக்கொள்கையென எள்ளி நகையாடுவர். முன்னவருள் முதியோர் பலர். பின்னவருள் எம்மொத்த இளைஞர் பலர். ஆயினும், தாம் போற்றுவது யாது, தாம் தூற்றுவது யாது என்று ஆராய்ந்தறிந்தோர் இருபாலாருள்ளும் மிகச் சிலரேயாவர்.

இது வெறும் வாதத்தோடு முடியும் விடயமன்று. கலியாணப் பேச்சு எழும்போது முதலிற் கேட்கப்படுவது குறிப்பு. குறிப்புப் பொருந்தவில்லை என்ற ஒரு சொல்லினால் எத்தனையோ நல்ல சம்பந்தங்கள் முறிகின்றன. எத்தனையோ பெண்கள் ஆண்டுக்கணக்கிற் காத்திருக்கின்றனர். ஒரு சாத்திரத்தின் பெயரால் இத்துணைப் பெரிய காரியங்கள் நடைபெறுமாயின், அச்சாத்திரம் எங்கிருந்து வந்தது, அதனை வகுத்தோர் எத்தகையோர், அவர்கள் அதற்கு எவ்வளவு உரிமை கொண்டாடினர் என்பவற்றை அறிதல் எம் கடனாகும். மரபுச் சோதிடம் என்பது யாது, அது பிற முறைகளினின்றும் எவ்வாறு வேறுபடுகின்றது என அறிய விரும்புவோர்க்கு ஒரு பேரறிஞரின் வாழ்க்கை நல்ல வாயிலாகும். அவரே ஆறாம் நூற்றாண்டில் வாழ்ந்த வராகமிகிரர்.

நாடும் காலமும்

மாளவ தேசத்திலே சிப்பிரா நதிக்கரையில் அமைந்தது உச்சயினி. பண்டைய அவந்தி நாட்டின் தலைநகரம் அது. மகாகாளேசுவரர் எழுந்தருளியிருக்கும் சிவத்தலமாகவும், வணிகர் கூடும் பெருநகரமாகவும் அது விளங்கிற்று. மேல்கடற்கரையிலுள்ள பரோச் துறைமுகத்துக்கு உச்சயினியிலிருந்து பண்டங்கள் சென்றன. அத்துறைமுகத்துக்கு எகிப்திலிருந்து யவனர் கலங்கள் வந்தன. பொருள் செல்லும் வழியிலேயே அறிவும் செல்லும் என்பதற்கு உச்சயினி ஒரு சான்றாகும்.

வராகமிகிரர் வாழ்ந்த காலம் அமைதியான காலமன்று. குப்தப் பேரரசு தளர்ந்துகொண்டிருந்தது. தோரமாணன், மிகிரகுலன் என்னும் ஊண மன்னர் படையெடுத்து மாளவத்தையும் அலைத்தனர். பின்னர் யசோதர்மன் என்பான் மிகிரகுலனைப் பணியச் செய்தான். மன்னரும் படைகளும் வந்துபோன இந்நாள்களிலேதான் எம் அறிஞர் ஏடும் எழுத்தாணியுமாக வானத்தை அளந்துகொண்டிருந்தார்.

அவரது பஞ்சசித்தாந்திகையில் நாட்கணக்குத் தொடங்கும் ஆண்டு சகம் 427, அஃதாவது கி.பி. 505. கணித நூலார் தாம் எழுதும் காலத்தை அடுத்த ஓராண்டையே தொடக்கமாகக் கொள்வது வழக்கம். அவர் சகம் 509 இல், அஃதாவது கி.பி. 587 இல், காலமானார் எனப் பிற்கால உரைகாரர் ஒருவர் குறித்துள்ளார். எனவே விக்கிரமாதித்தனது அவையை அலங்கரித்த நவரத்தினங்களுள் இவரும் ஒருவர் என்னும் வழக்கை வரலாறாகக் கொள்ளுதற்கில்லை. விக்கிரம சகாப்தம் கி.மு. 57 இல் தொடங்குவது. இவரோ அதற்கு ஐந்நூறு ஆண்டுகளின் பின்னர் வந்தவர்.

பிறப்பும் கல்வியும்

தம்மைப்பற்றி அவர் கூறியன மிகச் சிலவே. பிருகச்சாதகத்தின் முடிவிலே தாம் ஆதித்தியதாசரின் மைந்தர் என்றும், தந்தையிடமே கல்வி கற்றவர் என்றும், காபித்தகம் என்னும் ஊரிலே சூரியபகவானின் வரம் பெற்றவர் என்றும், அவந்தி நாட்டவர் என்றும் குறிப்பிடுகின்றார். தந்தையின் பெயர் சூரியனுக்கு அடியவர் எனப் பொருள்படும். மிகிரர் என்னும் பெயரும் சூரியனையே குறிப்பது. பாரசீகத்திலே மித்திரன் என வழிபடப்பட்ட தெய்வத்தின் பெயரோடு தொடர்புடையது. ஆதலின் பாரசீகத்திலிருந்து வந்து இந்நாட்டவராகிவிட்ட மகர் எனப்படும் சூரியவழிபாட்டு அந்தணர் குலத்தை அவர் சார்ந்தவராகலாம் என ஆராய்ச்சியாளர் கருதுவர்.

அவர் பெயரைப்பற்றி ஒரு கதையும் வழங்குகின்றது. அரசகுமாரன் இன்ன நாளிலே பன்றியால் இறப்பான் என மிகிரர் கணித்துரைத்தாராம். அரசன் மகனைக் காவல்மிக்க மாளிகையில் இருத்தினானாம். குறித்த நாளிலே மாளிகை உச்சியிலிருந்த பன்றிக்கொடி சரிந்து வீழ்ந்து குமாரன் இறந்தானாம். அன்றுமுதல் மிகிரர் வராகமிகிரர் ஆயினர் என்பது கதை. கேட்பதற்குச் சுவையானதே. ஆயின் வராகமிகிரரின் பெருமையை இத்தகைய கதைகளிலே தேடுவோர் அவருடைய நூல்களைத் திறவாதோரேயாவர்.

மூன்று கிளைகள்

இன்று சோதிடமென்றதும் சாதகம் பார்ப்பதொன்றையே நாம் நினைக்கின்றோம். வராகமிகிரருக்கோ அது மூன்று கிளைகளையுடைய பெருமரம். முதலாவது கணிதம்; கோள்களின் இயக்கத்தை எண்ணியறிவது. இரண்டாவது ஓரை, பிறந்த நேரத்தைக்கொண்டு பலன் கூறுவது. மூன்றாவது சங்கிதை, மழை, பயிர், நிலநடுக்கம், நீர்நிலை, கட்டடம், மணிகள் என உலகியற் பொருள்களை ஆராய்வது. கணிதமறியாதவன் ஏனைய இரண்டிலும் வாய்திறத்தலாகாது என்பது அவர் கருத்து. மூன்றுக்கும் நூல் செய்தமையே அவரது தனிச்சிறப்பு. கணிதத்துக்குப் பஞ்சசித்தாந்திகை, ஓரைக்குப் பிருகச்சாதகமும் அதன் சுருக்கமான இலகுசாதகமும், சங்கிதைக்குப் பிருகத்சங்கிதை என அவை நிற்கின்றன. இவற்றோடு அரசர் படையெடுத்துச் செல்லும் வேளையைப்பற்றி யோகயாத்திரை முதலிய நூல்களையும் அவர் இயற்றினார்.

ஐந்து சித்தாந்தங்கள்

பஞ்சசித்தாந்திகையை நாம் முதலில் எடுத்துக்கொள்வோம். தம் காலத்தில் வழங்கிய ஐந்து கணித முறைகளை ஓரிடத்தே வைத்து ஒப்புநோக்கும் நூல் இது. பைதாமகம், வாசிட்டம், பௌலிசம், உரோமகம், சௌரம் என்பன அவை. பைதாமகம் வேதாங்க சோதிடத்தின் வழிவந்தது; வேள்விக்குரிய காலத்தை அறிவதற்காக எழுந்தது; ஐந்தாண்டுகளை ஒரு யுகமாகவும் 366 நாட்களை ஓராண்டாகவும் கொண்டது. உரோமகம் தன் பெயராலேயே மேற்றிசை வரவைக் காட்டும். அதன் ஆண்டு 365 நாள் 5 மணி 55 நிமிடம் 12 செக்கன். இது கிரேக்க வானியலறிஞர் இப்பார்க்கசு கண்ட அளவேயாகும்.

இவ்வைந்தையும் வைத்துக்கொண்டு வராகமிகிரர் யாது செய்தார்? தெய்வத்தின் பெயராலும் முனிவரின் பெயராலும் வந்தனவே மெய், அந்நியர் பெயரால் வந்தது பொய் என்றாரா? அவ்வாறு கூறினாரல்லர். பௌலிசம் செம்மையானது, உரோமகம் அதற்கு அணித்தானது, சௌரம் அவற்றினும் தெளிவானது, பைதாமகமும் வாசிட்டமும் உண்மையினின்று மிகவும் விலகிவிட்டன எனத் தீர்ப்பு வழங்கினார். பிரமதேவனின் பெயரால் வழங்கிய நூலையே பிழைபட்டதென எழுத அவர் அஞ்சவில்லை. அவர் பிடித்த அளவுகோல் ஒன்றே. கணக்கு வானத்தோடு பொருந்துகின்றதா என்பதே அது.

அந்நூலில் இன்னுமொரு செய்தி எம்மை வியக்கவைக்கும். யவனபுரத்துக்கும் உச்சயினிக்குமிடையே உள்ள நேர வேறுபாடு 7 நாழிகை 20 விநாழிகை என்கின்றார். யவனபுரமாவது எகிப்திலுள்ள அலெக்சாந்திரியா. அறுபது நாழிகைக்கு 360 பாகை என்ற கணக்கின்படி இது 44 பாகையாகும். இன்றைய அளவையின்படி அவ்விரு நகரங்களுக்கும் இடையேயுள்ள வேறுபாடு ஏறக்குறைய 46 பாகை. தந்தியும் வானொலியும் இல்லாத காலத்திலே, கடலுக்கும் பாலைக்கும் அப்பாலுள்ள ஒரு நகரத்தின் தூரத்தை இரண்டு பாகைப் பிழைக்குள் அறிந்திருந்தனர் என்பது சிறிய காரியமன்று.

யவனரும் நாமும்

மரபுச் சோதிடம் முழுவதும் வேதகாலந்தொட்டு எம் மண்ணிலேயே முளைத்தது எனச் சொல்வோர் உளர். முழுவதும் கிரேக்கரிடம் இரவல் வாங்கியது எனச் சொல்வோரும் உளர். வராகமிகிரரைக் கற்போர் இவ்விரு கூற்றையும் ஒப்பார்.

வேதாங்க சோதிடத்திலே நட்சத்திரங்கள் உண்டு, திதி உண்டு, அயனம் உண்டு. ஆயின் மேடம் முதலாகிய பன்னிரண்டு இராசிகளும் பிறப்பு இலக்கினமும் அங்கே இல்லை. அவை யவனரோடு கொண்ட உறவின் பின்னரே வந்தன. பிருகச்சாதகத்தின் முதல் அத்தியாயத்திலேயே இராசிகளுக்குக் கிரியம், தாவுரி, சிதுமம் என யவனப் பெயர்களையும் வராகமிகிரர் தருகின்றார். நம் சோதிடர் நாவிலே இன்றும் வழங்கும் கேந்திரம், பணபரம், ஆபோக்கிலிமம், திரேக்காணம் என்னும் சொற்கள் யாவும் கிரேக்கமே. ஓரை என்ற சொல்லும் அவ்வாறே. அகோராத்திரம் என்ற வடசொல்லின் முதலெழுத்தும் ஈற்றெழுத்தும் கெட்டு ஓரா என நின்றது எனச் சிலர் கூறும் விளக்கத்தையும் அவர் எடுத்துரைக்கின்றார். கிழமைகளுக்குக் கோள்களின் பெயர் வைப்பதும் அக்காலத்தேதான் பரவிற்று, கி.பி. 484 ஐச் சேர்ந்த ஏரண் கல்வெட்டிலே வியாழக்கிழமை குறிக்கப்பட்டிருப்பது அதன் மிகப் பழைய சான்றுகளுள் ஒன்று.

யவனர் வேறு ஆசாரத்தவராயினும், இக்கலை அவர்களிடத்தே நன்கு நிலைபெற்றமையால் அவர்களும் முனிவரைப்போலப் போற்றப்படுகின்றனர் என வராகமிகிரர் வெளிப்படையாக எழுதினார். கற்றதை எவரிடம் கற்றோமென மறைக்காத இந்நேர்மை எக்காலத்தும் அரிது. மிசன் பாடசாலைகளிலே பயின்ற எம்போன்றோர்க்கு இதிலே ஓர் ஆறுதலும் உண்டு. அந்நியர் மொழியிலே அறிவு பெற்றமையால் நாம் எம் சமயத்துக்கு அந்நியராகி விடுவதில்லை. பெற்ற அறிவை யாது செய்தோம் என்பதிலேயே எல்லாம் தங்கியுள்ளது.

அவர் யாது செய்தார்? யவனரின் ஓரையை எடுத்து, எம் நட்சத்திரங்களோடும் கன்மக் கொள்கையோடும் இணைத்து, வேறொரு பொருளாக்கினார். இங்கேதான் இரு மரபுகளின் ஆழ்ந்த வேறுபாடு கிடக்கின்றது. இரண்டாம் நூற்றாண்டிலே அலெக்சாந்திரியாவில் வாழ்ந்த தொலமி, கோள்களின் வெம்மை, தண்மை, ஈரம், வறட்சி என்பன உலகப் பொருள்களைத் தாக்கி மாற்றுகின்றன எனக் கொண்டார். அங்கே கோள் ஒரு காரணம். வராகமிகிரரோ இலகுசாதகத்திலே வேறு விதமாகக் கூறினார். முற்பிறப்பிலே ஈட்டிய நல்வினை தீவினைகளின் பயனை இச்சாத்திரம் காட்டுகின்றது, இருளிலே கிடக்கும் பொருள்களை விளக்குக் காட்டுவதுபோல என்றார். விளக்கு பொருளை உண்டாக்குவதில்லை. இங்கே கோள் ஓர் அறிகுறி. காரணமோ அவரவர் வினை. சனி ஒருவனைக் கெடுத்தது என்று பேசுவோர் வராகமிகிரரின் வழியிற் பேசுவோரல்லர்.

பிற முறைகள்

மரபு என்பது ஒரே குரலிற் பேசுவது என எண்ணுதல் தவறு. ஆயுளைக் கணிக்கும் முறையிலே மயன், யவனர், மணித்தர், பராசரர், சீவசர்மர், சத்தியர் ஆகியோர் வேறுபடுவதை வராகமிகிரர் பெயர் சுட்டி விளக்குகின்றார். அவற்றுட் சிலவற்றின் குறைகளை எடுத்துக்காட்டி, சத்தியரின் முறையைச் சிறந்ததெனக் கொள்கின்றார். ஆசிரியர் ஒருவர் கூறிவிட்டார் என்பதனால் மட்டும் அவர் எதனையும் ஏற்றவரல்லர்.

இன்று நம் சோதிடர் கையாளும் நூற்றிருபது ஆண்டு விஞ்சோத்தரி தசை பிருகச்சாதகத்தில் இல்லை என்பதை அறியும்போது பலர் வியப்புறுவர். அவர் கூறும் தசைகள் ஏழு கோள்களுக்கும் இலக்கினத்துக்கும் உரியன. இராகு தசையும் கேது தசையும் அங்கில்லை. சைமினி முனிவரின் பெயரால் வழங்கும் முறை வேறு. அது காரகர்களையும் இராசிகளின் தசையையும் முதன்மையாகக் கொள்வது. தாசிகம் எனப்படும் ஆண்டுப்பலன் முறை அராபியர், பாரசீகர் வாயிலாகப் பிற்காலத்தே வந்தது. நீலகண்டர் என்பார் 1587 இல் அதற்கு வடமொழியிலே புகழ்பெற்ற நூல் செய்தார். இன்றைய மேனாட்டுச் சோதிடமோ நிகழ்ச்சிகளை முன்னறிதலினும் மனவியல்புகளைப் பேசுவதிலேயே பெரிதும் நாட்டமுடையது. ஆகவே, சாத்திரம் சொல்கின்றது என ஒருவர் கூறுமிடத்து, எந்தச் சாத்திரம், யாருடைய முறை எனக் கேட்பது அவமரியாதையன்று. வராகமிகிரர் செய்ததும் அதுவே.

அயனமும் எம் பஞ்சாங்கங்களும்

இவ்வேறுபாடுகளுள் மிகப் பெரியது இராசிச்சக்கரத்தின் தொடக்கத்தைப் பற்றியது. பிருகத்சங்கிதையிலே சூரியனின் செலவைக் கூறுமிடத்து வராகமிகிரர் அரியதொரு செய்தியைத் தருகின்றார். முன்னொருகாலத்தில் ஆயிலியத்தின் பாதியிலே தட்சிணாயனம் தொடங்கியதென்று பழைய நூல்கள் கூறும். இப்பொழுதோ கர்க்கடகத்தின் தொடக்கத்தில் நிகழ்கின்றது. உத்தராயனம் மகரத்தின் தொடக்கத்தில் நிகழ்கின்றது என்கின்றார். வேறுபாடு தோன்றுமாயின் நேரிற் கண்டு தெளிக என்று கூறி, சூரியன் உதிக்கும் இடத்தையும் நிழலையும் கொண்டு பார்க்கும் வழியையும் கற்பிக்கின்றார்.

அயனம் மெல்ல மெல்லப் பின்னோக்கி நகர்வது; ஏறத்தாழ 72 ஆண்டுகளுக்கு ஒரு பாகை. வராகமிகிரர் காலத்திலே நட்சத்திரங்களைக் கொண்டு அளக்கும் இராசியும், அயனத்தைக் கொண்டு அளக்கும் இராசியும் ஏறக்குறைய ஒன்றாயிருந்தன. ஆதலின் எது சரி என்னும் வழக்கே அன்று எழவில்லை. அதன்பின் பதினைந்து நூற்றாண்டுகள் கழிந்தன. மேனாட்டார் அயனத்தைப் பின்பற்றிச் சென்றனர். நாம் நட்சத்திரங்களோடு நின்றோம். இன்று இரண்டுக்குமிடையே ஏறத்தாழ 24 பாகை இடைவெளி உண்டு. இதனாலேதான் ஆங்கிலப் பத்திரிகையின்படி மேடத்திற் பிறந்த ஒருவர் எம் முறைப்படி மீனத்தவர் ஆகின்றார். தைப்பொங்கலன்று உத்தராயனம் பிறக்கின்றது என நாம் கூறுகின்றோம். வானத்திலோ சூரியன் மார்கழி முதல் வாரத்திலேயே, அஃதாவது டிசம்பர் 21 அல்லது 22 இல், வடக்கு நோக்கித் திரும்பிவிடுகின்றான். இந்திய அரசு 1952 இல் மேகநாத சாகா என்னும் பௌதிகப் பேரறிஞரின் தலைமையில் அமைத்த பஞ்சாங்கச் சீர்திருத்தக் குழு இவ்விடைவெளியை ஆராய்ந்து, 1956 மார்ச்சு 21 இல் அது 23 பாகை 15 கலை என வரையறுத்தது.

எம்மூரிலும் இத்தகைய பிணக்கு ஒன்று உண்டு. வாக்கிய பஞ்சாங்கம் வரருசியின் பெயரால் வழங்கும் 248 சந்திர வாக்கியங்களை அடியாகக் கொண்டது. திருக்கணித பஞ்சாங்கம் வானத்திற் காணும் நிலைக்கு இயையக் கணிப்பது. திருக் என்னும் வடசொல்லுக்குக் காண்டல் என்பதே பொருள். வருடப்பிறப்பின் புண்ணியகாலம் முதல் விரதநாள்வரை இரண்டும் சிலவேளை முரண்படுவதும், ஒரே ஊரிலே இரு கோயில்கள் இரு நேரங்களைக் கைக்கொள்வதும் யாவரும் அறிந்ததே. முன்னோர் முறையைக் கைவிடலாகாது என ஒருசாரார் கூறுவர். ஆயின் அம்முன்னோருள் முன்னவரான வராகமிகிரர் வேறுபாடு கண்டவிடத்து வானத்தைப் பார் என்றல்லவா கூறிப்போந்தார்!

இலங்கை என்ற பெயரும் இக்கணிதத்திலே அடிக்கடி வரும். உச்சயினியூடாகச் செல்லும் மத்தியரேகை நிலநடுக்கோட்டைச் சந்திக்கும் இடத்துக்குச் சித்தாந்த நூலார் இலங்கை எனப் பெயரிட்டனர். அது கணக்குக்காகக் கொண்ட புள்ளியேயன்றி எம் தீவன்று. எம் நாடு நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஏறத்தாழ ஆறு பாகை முதல் பத்துப் பாகை வரை பரந்துள்ளது. உச்சயினியின் ரேகைக்கும் கிழக்கே உள்ளது.

உலகியல் அறிவு

பிருகத்சங்கிதை நூற்றுக்கு மேற்பட்ட அத்தியாயங்களையுடைய பெருநூல். அதிலே நிலத்தடி நீரைக் கண்டறியும் அத்தியாயம் எம்மவர் அவசியம் அறியவேண்டியது. வற்றாத ஆறொன்றில்லாது கிணற்றையே நம்பி வாழும் யாழ்ப்பாணத்தார்க்கு அதன் அருமை சொல்லாமலே விளங்கும். எந்த மரத்தின் அருகே புற்றிருந்தால், எத்திசையில், எத்தனை முழத் தூரத்தில், எத்தனை ஆள் ஆழத்தில் நீர் ஊறும் என மரம் மரமாக எடுத்துச் சொல்கின்றார். எல்லாம் இன்று பொருந்துமெனக் கூறமுடியாதாயினும், மரஞ்செடிகளும் புற்றும் நிலத்தின் ஈரத்தைக் காட்டுவன என்னும் அடிப்படை நுண்ணிய அவதானத்தின் பயனேயாகும். மழைக் கருக்கொண்ட நாளிலிருந்து 195 நாளில் மழை பொழியுமென்ற கணக்கும், பெய்த மழையைப் பாத்திரம் வைத்து அளக்கும் முறையும் அங்கே உள. வாசனைப் பொருள்களைப்பற்றிய அத்தியாயத்திலே பதினாறு பொருள்களுள் நந்நான்காக எடுத்துச் சேர்க்கும் வகைகள் 1820 எனக் கணித்துக் காட்டுகின்றார். இன்று வகுப்பறையிலே சேர்மானம் என்ற தலைப்பிற் கற்கும் கணிதமே இது.

இராகு சந்திரனை விழுங்குவதாற் கிரகணம் உண்டாகின்றது என்ற கதையை அவர் மறுக்கும் திறம் போற்றத்தக்கது. சந்திர கிரகணத்திலே சந்திரன் பூமியின் நிழலுட் புகுகின்றது. சூரிய கிரகணத்திலே சந்திரன் சூரியனை மறைக்கின்றது. ஆதலினாலேதான் முன்னது சந்திரனின் மேல்பக்கத்திலே தொடங்குவதில்லை, பின்னது சூரியனின் கீழ்பக்கத்திலே தொடங்குவதில்லை எனக் காரணங் காட்டினார். அதேவேளையிற் கிரகண காலத்துத் தானத்தையும் ஓமத்தையும் அவர் விலக்கவில்லை. அவ்வேளையிற் கொடுக்கப்படுவதாற் திருப்தியடையுமாறு இராகுவுக்குப் பிரமன் வரமளித்தான் என வழக்கத்துக்கும் இடம் வைத்தார். அறிவுக்குரியதை அறிவுக்கும் ஆசாரத்துக்குரியதை ஆசாரத்துக்கும் அளித்த நடுநிலை அது.

சமயப் பொறையிலும் அவர் எமக்கு வழிகாட்டி. திருவுருவங்களைத் தாபிக்குமிடத்துத் திருமாலைப் பாகவதரும், சூரியனை மகரும், சிவபெருமானைத் திருநீறணிந்த அந்தணரும், புத்தரைச் சாக்கியரும், அருகரைத் திகம்பரரும் தத்தம் முறைப்படி தாபிக்கவேண்டுமென விதித்தார். சூரியனுக்கு அடியவராயினும் பிறர் வழிபாட்டை இகழ்ந்தாரல்லர்.

ஆயினும் அவர் பிழையற்றவரல்லர். அவருக்கு முன் 499 இல் ஆரியபட்டர் பூமி தன்னைத்தானே சுழல்கின்றது எனக் கூறியிருந்தார். பூமி சுழன்றால் வானிற் பறக்கும் பருந்துகள் தம் கூட்டுக்கு மீள்வது எங்ஙனம், கொடிகள் எப்பொழுதும் மேற்கு நோக்கியன்றோ பறத்தல் வேண்டும் என வராகமிகிரர் அதனை மறுத்தார். பூமி உருண்டை என்பதையும், காந்தங்களுக்கு நடுவே நிற்கும் இரும்புபோல அது வெளியிலே நிற்கின்றது என்பதையும் ஏற்ற அவர் இதனை ஏற்கவில்லை. தூமகேதுவும் நிலநடுக்கமும் அரசர்க்குக் கேடு காட்டும் என்ற பழைய நம்பிக்கைகளையும் விரிவாக எழுதிவைத்தார். ஆரியபட்டர் சொன்னது மெய்யென இன்று சிறுவரும் அறிவர். பெரியோரைப் போற்றுதல் அவர்தம் பிழைகளையும் போற்றுதலாகாது.

சோதிடனுக்கு இலக்கணம்

சோதிடன் எத்தகையனாய் இருத்தல் வேண்டும் என அவர் நீண்டதோர் இலக்கணம் வகுத்தார். மெய் பேசுவோனாய், பொறாமையற்றவனாய், தூய ஒழுக்கமுடையவனாய், அவையஞ்சாதவனாய், கணிதத்தின் எல்லா முறைகளையும் அவற்றின் வேறுபாடுகளையும் அறிந்தவனாய் அவன் இருத்தல் வேண்டும். சாத்திரத்தைக் கல்லாது சோதிடன் எனத் திரிபவனை நட்சத்திரசூசகன் என்று இழித்துரைத்து, சான்றோர் பந்தியில் இருக்கத் தகாத பாவி என்றார். இவ்விலக்கணத்தைக் கொண்டு அளப்பின், இன்று ஒரு பெண்ணின் வாழ்வை ஒரு நாழிகைப் பொழுதிலே தீர்த்துவைப்போருள் எத்தனைபேர் தேறுவர் என்பதை வாசகரே சிந்திப்பாராக.

புகழுடம்பு

அவரது மைந்தர் பிருதுயசசு என்பார் ஐம்பத்தாறு பாடல்களாலாகிய சட்பஞ்சாசிகை என்னும் பிரசின நூலைச் செய்தார். பத்தாம் நூற்றாண்டிலே பட்டோற்பலர் வராகமிகிரரின் நூல்களுக்கு விரிந்த உரைகள் எழுதினார். மறைந்துபோன பல பழைய நூல்களை நாம் இன்று அவ்வுரைகள் வாயிலாகவே அறிகின்றோம். பதினோராம் நூற்றாண்டில் அல்பிரூனி என்னும் இசுலாமியப் பேரறிஞர் இலகுசாதகத்தை அரபு மொழியிற் பெயர்த்தார். கிரகணத்தைப்பற்றி வராகமிகிரர் கூறியதைப் பாராட்டவும் செய்தார். வங்க நாட்டிலே கனா என்னும் சோதிட வல்லாளைப்பற்றிய கதைகளிலே அவள் வராகரின் மருமகளாகவும் எம் இலங்கைத் தீவிலிருந்து சென்றவளாகவும் கூறப்படுகின்றாள். அது கதையேயாயினும் இரு நாட்டார் நினைவிலும் இக்கலை கொண்டிருந்த உறவை அது காட்டும்.

அம்மரபு எம் நாட்டிலே தமிழிலும் தழைத்தது. 1310 இல் தம்பதெனியாவிலே பராக்கிரமபாகு மன்னனின் அவையிலே போசராச பண்டிதர் சரசோதிமாலையை அரங்கேற்றினார். சிங்கள மன்னனின் அவையிலே தமிழ்ச் சோதிடநூல் அரங்கேறிய அந்நிகழ்ச்சி எண்ணுந்தோறும் இன்பம் பயப்பது. நல்லூர் அரசர் காலத்திலே செகராசசேகரமாலை எழுந்தது.

உருண்டை உலகையும் விண்ணையும் அளந்த வராகமிகிரரின் வாழ்வு எமக்கு விட்டுச்செல்வது யாது? கோள்நிலை மனிதனின் வாழ்வை முன்னறிவிக்கும் என்பதற்கு இன்றைய வானியலும் பௌதிகமும் சான்று கண்டில. இதனை இளைஞராகிய நாம் மறைக்காது கூறவேண்டும். அதேவேளையில், எம் முன்னோர் இக்கலையின் பொருட்டே வானத்தை அளந்தனர், காலத்தைப் பகுத்தனர், பிறநாட்டாரின் அறிவை நன்றியோடு ஏற்றனர் என்பதை முதியோரோடு சேர்ந்து பெருமையோடு நினைக்கவும் வேண்டும். பஞ்சாங்கம் எம் விழாக்களுக்கும் விரதங்களுக்கும் துணையாய் இருக்கட்டும். குறிப்போ, குணமும் கல்வியும் உள்ளமும் ஒத்த இருவரைப் பிரிக்கும் வாளாகாதிருக்கட்டும். விளக்கு வழிகாட்டுவதற்கேயன்றி வீட்டை எரிப்பதற்கன்று.

பிரமனின் பெயரால் வந்த நூலாயினும் வானத்தோடு பொருந்தாவிடின் பிழையென்ற துணிவும், யவனரின் அறிவாயினும் நன்றென்றால் வணங்கிய பணிவும் ஒருவரிடத்தே கூடியிருந்தன. அத்துணிவையும் அப்பணிவையும் எம் மன்றத்து இளைஞர் தமக்கு அணிகலனாகக் கொண்டு, ஆராய்ந்து தெளிந்த வழியிலே சமயத்துக்கும் சமூகத்துக்கும் தொண்டு புரிவாராக.